ஆறு நொடி

திங்கள் காலையிலிருந்து
என் தலைக்கு ஒரு முழம் மேலே
நின்றுகொண்டிருக்கிறது ராட்சதனின் தண்டாயுதம்.

ஞாயிறு இரவு செம்பூரில்
எட்வின் தவசிமுத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
அது இறங்கத் தொடங்கியது.
அதற்குள் கடைசி வாஷி வண்டிக்கு நேரமாகிவிட்டது.
பொழுது சாய்ந்தால் போர் நிறுத்தம் என்பது பழைய அறம்.
எங்களுக்கு ஹார்பர் லைன் அட்டவணை.

ஒரு சுற்று என்பது ஆறு நொடி.
விதிநூல் அப்படித்தான் சொல்கிறது.
அந்த ஆறு நொடியை நடத்தி முடிக்க
எங்கள் ஐந்து பேருக்கு
ஒன்றே கால் மணி நேரமும்
இரண்டு பாக்கெட் பாக்கர்வடியும் ஆகிறது.
யார் முந்துவது என்று ஓர் உருட்டல்,
பட்டதா என்று ஒன்று,
பட்டால் எவ்வளவு என்று இன்னொன்று,
கேடயத்தைக் கழி, சாபத்தைக் கூட்டு,
நான் நிற்கும் கட்டத்துக்கு அவன் கை எட்டுமா
என்று சோனவணே ஸ்கேல் வைத்து அளப்பார்.
பகலில் அவர் கோர்ட்டில் ஸ்டெனோ.
சொல்லப்படாத எதையும் எழுதாதவர்.

தொண்ணூற்றேழு பக்கம் சண்டைக்கு.
பேசித் தீர்ப்பதற்கு ஒரு பத்தி,
அதுவும் குதிரை விலைப் பட்டியலுக்குக் கீழே.
நம்மவர்கள் மட்டும் என்ன,
மாடு கவரப் போனால் வெட்சி,
மீட்கப் போனால் கரந்தை,
மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு ஒரு பூ,
வெளியே நிற்பவனுக்கு வேறொரு பூ
என்று வகுத்து வைத்தவர்கள்தானே.
இலக்கணம் இல்லாமல் அடித்துக்கொள்வதைத்தான்
குர்லா பிளாட்பாரத்தில் தினமும் பார்க்கிறேன்.

ஜுலைகா அவசரப் பிரிவில் செவிலி.
சேர்ந்த முதல் மாதம் கேட்டாள்:
நூறு உயிர்ப்புள்ளி இருக்கிறவனும்
ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறவனும்
ஒரே மாதிரி வாள் வீசுகிறார்களே, எப்படி?
நொண்டமாட்டானா? வாந்தி எடுக்கமாட்டானா?
அம்மாவைக் கூப்பிடமாட்டானா?
எட்வின் ராவோடு ராவாக உட்கார்ந்து
காயத்துக்குத் தனி விதி எழுதிவிட்டார்.
தசைக்கு இவ்வளவு, எலும்புக்கு இவ்வளவு,
அட்டவணையே போட்டுவிட்டார், பாவம்.
ஜுலைகா வாங்கிப் படித்தாள்.
மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.
"வேண்டாம் அண்ணே, பழையபடியே இருக்கட்டும்."
பதினான்கு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள் அன்றைக்கு.

செவ்வாய். புதன்.
தண்டாயுதத்துக்குக் கீழேயே போய்வந்தேன் வேலைக்கு.
கூரியர் கம்பெனியில்
காணாமல்போன பார்சல்களுக்குப் பதில் சொல்கிறவள் நான்.
மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால்
என் வாக்கியத்தை வேறொருவர் முடித்துவைப்பார்.
அங்கே யார் முந்துவது என்று
யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை.

ஞாயிறு.
போட்டோவைப் பார்த்துப் பார்த்து
அதே கட்டங்களில் பொம்மைகளை நிறுத்தினார் எட்வின்.
"மங்கையர்க்கரசி, உன் முறை."
நான்கு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்
என் ஆறு நொடிக்கு.
எடுத்துக்கொண்டேன்.

உருட்டினேன்.
இருபது முகப் பகடை
சட்னிக் கிண்ணத்தில் மோதி
மேசை விளிம்பைத் தாண்டி
ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

செம்பியன் செல்போன் வெளிச்சத்தோடு
கல்லூரிச் சட்டை அழுக்காகத் தரையில் படுத்தான்.
"இருபது! அக்கா, இருபது!"
சோனவணே இந்தியில் கனைத்தார்.
மேசையை விட்டு விழுந்தது செல்லாது
என்று போன ஆகஸ்டிலேயே முடிவானதாம்,
தன்னிடம் எழுத்தில் இருக்கிறதாம்.
ஜுலைகா இருபதின் பக்கம்.
எட்வின் தொண்ணூற்றேழு பக்கத்தையும் புரட்டுகிறார்,
ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வரி இல்லை.

மணி பன்னிரண்டு பத்து.
செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.
பகடை அங்கேயே இருக்கட்டும் என்றேன்,
யாரும் தொடவேண்டாம்,
பெருக்க வருகிறவரிடமும்
சொல்லிவையுங்கள்.